மகள் போலீஸ் ஆகணும்னு சொல்கிறாள் – பன்னிரண்டாம் வகுப்புக்குப் பின் என்ன படிக்க வைப்பது?

இந்த மாதப் பாடத்தைக் குழுக் கூட்டத்தில் ஒருவர் சத்தமாக வாசியுங்கள். வீட்டில் பத்தாவது, பன்னிரண்டாவது படிக்கும் பிள்ளைகள் இருந்தால் அவர்களையும் பக்கத்தில் உட்கார வையுங்கள்.

நம் குழு ஒன்றில் சில மாதங்களுக்கு முன் ஓர் உறுப்பினர் 60,000 ரூபாய் கடன் கேட்டார். மகள் பிளஸ் டூ முடித்துவிட்டாள், போலீஸ் வேலைதான் வேணும் என்கிறாள், டவுனில் ஓரிடத்தில் "போலீஸ் டிப்ளமோ" ஒரு வருஷம் படித்தால் வேலை உறுதி என்று சொன்னார்களாம். தீர்மான நோட்டில் எழுதப் போகும் நேரத்தில் ஊக்குநர் ஒரு கேள்வி கேட்டார். "அக்கா, பாப்பா எவ்வளவு உயரம்?" அந்த அம்மாவுக்குத் தெரியவில்லை. தையல் டேப்பை வைத்து, செருப்பில்லாமல் சுவரோரம் நிறுத்தி அளந்தார்கள். 157 சென்டிமீட்டர்.

இங்கேதான் விஷயம் இருக்கிறது. தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம் காவலர் பணிக்குப் பெண்களிடம் கேட்கும் உயரம் 159 செ.மீ. ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு 157. இவர்கள் பிற்படுத்தப்பட்ட வகுப்பு. இரண்டே சென்டிமீட்டர்தான் குறைவு. ஆனால் அளக்கும் இடத்தில் இரண்டு சென்டிமீட்டருக்கு யாரும் இரக்கம் காட்ட மாட்டார்கள். எஸ்.ஐ. வேலைக்கும் இதே அளவுதான். 60,000 கட்டியிருந்தால் ஒரு வருஷம் கழித்து மைதானத்தில்தான் இது தெரிந்திருக்கும். அந்தப் பெண் அன்றைக்கு அழுததைப் பார்த்தவர்களுக்கு மனசு கஷ்டமாகத்தான் இருந்தது. அப்போதே தெரிந்தது நல்லதுக்குத்தான் என்பேன்.

ஆகவே படிப்பைப் பற்றிப் பேசும் முன் டேப்பை எடுங்கள். பையனாக இருந்தால் 170 செ.மீ. வேண்டும், ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு 167. பையன்களுக்கு மார்பளவு 81 செ.மீ., மூச்சை இழுத்தால் 5 செ.மீ. விரிய வேண்டும். நிறக்குருடு, தட்டைப்பாதம், நடக்கும்போது முட்டி இடிப்பது இவையெல்லாம் மருத்துவப் பரிசோதனையில் தடையாகும். அரசு மருத்துவமனையில் முன்கூட்டியே காட்டிக் கொள்ளுங்கள்.

உயரம் சரியாக இருக்கிறது என்று வைத்துக் கொள்வோம். அப்புறம் என்ன படிப்பு? இரண்டாம் நிலைக் காவலர் பணிக்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதும். ஆம், பத்தாவதுதான். வயது 18 முதல் 26 வரை. பிற்படுத்தப்பட்டோருக்கு 28, ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு 31, ஆதரவற்ற விதவைகளுக்கு 37 வரை. (நம் குழுக்களில் இளம் வயதில் கணவரை இழந்த சகோதரிகள் இருக்கிறார்கள். இந்தக் கடைசி எண்ணை அவர்கள் காதில் போடுங்கள்.) எஸ்.ஐ. வேலைக்கு ஏதாவது ஒரு பட்டம் வேண்டும், குறைந்த வயது 20. குற்றவியல் பட்டம்தான் வேண்டும் என்று எங்கும் கிடையாது. பி.ஏ. தமிழும் சரி, பி.காமும் சரி. தொழில்நுட்ப எஸ்.ஐ. பதவிக்கு மட்டும் எலக்ட்ரானிக்ஸ் படிப்பு கேட்பார்கள். டி.எஸ்.பி. ஆக குரூப் 1, ஐ.பி.எஸ். ஆக மத்திய தேர்வாணையத் தேர்வு. இரண்டுக்கும் பட்டம்தான் அடிப்படை.

அதனால் என் யோசனை: பிள்ளையைக் கல்லூரியில் சேர்த்துவிடுங்கள். படித்துக்கொண்டே 18 வயதில் காவலர் தேர்வு எழுதலாம். பட்டம் முடித்ததும் எஸ்.ஐ. தேர்வு. வேலை கிடைக்காமல் போனாலும் பட்டம் கையில் இருக்கும். தனியார் டிப்ளமோ கையில் இருந்து என்ன பயன்? பிளஸ் டூ படிக்காமல் நேரடியாகத் தொலைநிலையில் வாங்கும் பட்டத்தை நம்பி இறங்காதீர்கள். பத்து, பிளஸ் டூ, பிறகு மூன்று வருஷப் பட்டம் என்ற வரிசையைத்தான் வாரியம் பார்க்கும்.

கல்லூரியில் சேரும்போது என்.சி.சி. இருக்கிறதா என்று கேளுங்கள். என்.சி.சி., என்.எஸ்.எஸ்., விளையாட்டுச் சான்றிதழ்களுக்குத் தனி மதிப்பெண் உண்டு. தமிழ்வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீத முன்னுரிமையும் உண்டு. ஆனால் காவலர் பணிக்கு ஒன்றாம் வகுப்பிலிருந்து பத்து வரை, எஸ்.ஐ. பணிக்குப் பட்டமும் சேர்த்து, தமிழில் படித்ததற்குச் சான்று காட்ட வேண்டும். பள்ளியை விட்டு வரும்போதே அந்தச் சான்றை வாங்கி வையுங்கள். பத்து வருஷம் கழித்துப் போய்க் கேட்டால் அலைச்சல்தான்.

தேர்வில் முதலில் தமிழ்த் தகுதித் தேர்வு. அதில் 40 சதவீதம் எடுக்காவிட்டால் முதன்மைத் தாளைத் திருத்தவே மாட்டார்கள். ஆங்கில வழிப் பிள்ளைகள் கவனிக்க. பிறகு ஓட்டம்: பெண்களுக்கு 400 மீட்டர் இரண்டரை நிமிடத்தில், ஆண்களுக்கு 1500 மீட்டர் ஏழு நிமிடத்தில். பெண்களுக்கு நீளம் தாண்டுதலும், குண்டு எறிதல் அல்லது பந்து எறிதலும் உண்டு. இதற்கு ஏழெட்டு மாதம் விடியற்காலை ஓட வேண்டும். பெண் பிள்ளை தனியாக ஓடப் பயப்படுகிறாள் என்றால் குழுவில் இரண்டு பேர் கூட நடக்கலாமே! நமக்கும் சர்க்கரை குறையும். எழுத்துத் தேர்வுக்கு மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தின் தன்னார்வப் பயிலும் வட்டத்தில் இலவசப் பயிற்சி தருகிறார்கள்.

பையன்களின் அம்மாக்களுக்கு ஒரு வார்த்தை. திருவிழாவில் சண்டை, பைக் தகராறு என்று ஒரு வழக்கு பதிவாகி நிலுவையில் இருந்தால், எவ்வளவு மார்க் எடுத்தாலும் சரிபார்ப்பில் நின்றுவிடும். மறைத்து எழுதினால் இன்னும் மோசம். லட்சக்கணக்கில் கொடுத்தால் வேலை வாங்கித் தருகிறேன் என்று வருபவனை வாசலோடு அனுப்புங்கள்.

சரி, அந்த 157 செ.மீ. பெண் என்ன ஆனாள்? மத்திய ஆயுதப் படைகளில், அதாவது சி.ஆர்.பி.எஃப்., சி.ஐ.எஸ்.எஃப். போன்றவற்றில், காவலருக்குப் பெண்கள் உயரம் 157 தான்! படிப்பு பத்தாவது. பெண்களுக்குத் தேர்வுக் கட்டணம் இல்லை. 2024 முதல் தமிழிலும் எழுதலாம். ஆனால் ஓட்டம் கடினம்: 1.6 கிலோமீட்டரை எட்டரை நிமிடத்தில் ஓட வேண்டும். வேலையும் வட மாநிலங்களில் இருக்கலாம். ஐ.பி.எஸ்.ஸுக்குப் பெண்கள் 150 செ.மீ. இருந்தால் போதும். தடய அறிவியல் துறையின் ஆய்வகப் பணிகளுக்கு அறிவியல் படிப்புதான் முக்கியம்.

"நான் வேதியியல் எடுக்கிறேன், அதோட ஓடவும் செய்றேன்" என்று அவளே முடிவு சொன்னாள். அரசு கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. சேர்ந்தாள், என்.சி.சி.யிலும் பெயர் கொடுத்தாள். அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்தவள் என்பதால், 2022-ல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய்க்கும் கல்லூரியிலேயே விண்ணப்பித்தாள். குழு கொடுத்த கடன் 6,000 ரூபாய். கல்லூரிக் கட்டணமும் ஓடுவதற்கு ஒரு ஜோடி ஷூவும் அதில் அடங்கிவிட்டது. பத்துத் தவணையில் அம்மா கட்டுகிறார், இதுவரை ஒன்றும் தவறவில்லை.