டிரெய்லர் ஆட்டமும் அதன் நிவாரணமும்

வேங்கிக்காலிலிருந்து நெல் ஏற்றித் திருவண்ணாமலை செல்லும் டிராக்டர்களின் பின்னே இரட்டைச் சக்கர டிரெய்லர் பாம்புபோல் நெளிவதுண்டு. இதற்கு முதற்காரணம் பின்பாரமேயாம். மாட்டுவண்டியில் பின்பாரம் மிகுந்தால் நுகத்தடி மேலெழுமன்றோ? இதுவும் அத்தகையதே.

பரிசோதனை: சமதரையில் நிறுத்தி நோக்குக. டிரெய்லரின் ஏர்க்கால் முனை இழுகொக்கியின்மேல் அழுந்தியிருப்பின் நன்று. மேலெழும்பி நின்றால் பின்பாரமென்றறிக.

தடுப்பு: டிரெய்லரின் மொத்த எடையில் 100க்கு 10 பங்கேனும் கொக்கியின்மேல் அமரும்படி, கனத்த மூட்டைகளை அச்சுக்குச் சற்று முன்னே, தாழ அடுக்குக. இரு சக்கரங்களிலும் காற்று சமமாயிருத்தல் வேண்டும், தேய்ந்த கொக்கி முளையை மாற்றுக, வேகம் கூடாது.

ஆட்டங்கண்டால் ஸ்டியரிங்கை வளைத்தலும் பிரேக்கைச் சடுதியில் அழுத்தலும் வண்டியைக் கவிழ்க்கும். நேரே பிடித்து, வேகத்தைப் படிப்படியாய்க் குறைத்து நிறுத்தி, பாரத்தை மாற்றியடுக்குக.

பௌர்ணமிதோறும் கிரிவலத்தார் நிறையும் ஊர் நம்முடையது. ஆதலின் கிராம அதிகாரிகளும் இதனை வண்டியோட்டிகட்கு எடுத்துரைப்பார்களாக.