புள்ளிக்கு முன்னால் ஒரு வெற்றிடம்



கிளாஸ், ஆப்ஜெக்ட் பற்றியெல்லாம் நம் பாடநூலிலேயே இருக்கிறது. நான் எழுத வந்தது எழுத்துகளுக்கு நடுவே சும்மா கிடக்கும் வெற்றிடத்தைப் பற்றி. அதிலென்ன இருக்கு என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள்.

போன வருடம் என் கைக்கு ஒரு பைத்தான் மாதிரி புரோகிராம் வந்தது. பல செட் மாணவர்கள் காப்பி எடுத்துக் காப்பி எடுத்து வந்த தாள். வங்கிக் கணக்கு என்றொரு கிளாஸ், பணம் போட ஒரு மெத்தட், எடுக்க ஒரு மெத்தட். அதில் சில வரிகளில் 'செல்ஃப்', புள்ளி, 'பேலன்ஸ்' மூன்றும் ஒட்டி இருந்தன. சில வரிகளில் புள்ளிக்கு இருபுறமும் இடைவெளி. நான் என்ன நினைத்தேன் தெரியுமா? புள்ளியில் இரண்டு வகை உண்டு, ஒட்டிய புள்ளி ஆப்ஜெக்டுக்கு, விலகிய புள்ளி கிளாஸுக்கு என்று! ரெக்கார்டு நோட்டில் 3 பயிற்சிகளை அப்படியே அளந்து எழுதினேன். யாரிடமும் கேட்க வெட்கம். வீட்டில் கேட்கலாமென்றால், படிக்க வந்த முதல் ஆளே நான்தான். பைத்தானுக்கு அந்த இரண்டும் ஒன்றே என்று சீனியர் அண்ணன் ஒருவர் சொல்லித்தான் தெரிந்தது.

தெரிந்தவர் கண்ணுக்கு அது வெறும் தூசி. புதிதாகப் படிப்பவனுக்கோ தாளில் இருக்கும் ஒவ்வொன்றும் விதி.

அப்படியானால் எல்லா வெற்றிடமும் வீண்தானா என்றால், அதுவும் இல்லை. சி பிளஸ் பிளஸ், ஜாவாவில் எது எதற்குள் என்பதை அடைப்புக்குறி சொல்லும். பைத்தானில் வரியின் தொடக்க இடைவெளிதான் சொல்லும். அதே தாளில், போதிய இருப்பு இருந்தால் மட்டும் தொகையைக் கழிக்க வேண்டிய வரி 4 வெற்றிடம் இடப்பக்கம் நகர்ந்து, 'இஃப்'புக்கு வெளியே நின்றது. 'பணம் தரப்பட்டது' என்று அச்சிடும் வரி மட்டும் உள்ளே. 100 ரூபாய் கணக்கில் 500 எடுத்துப் பார்த்தேன். பிழை எதுவும் வரவில்லை; இருப்பு மைனஸ் 400! இரண்டு மணி நேரம் உட்கார்ந்து, நமக்கு இந்தப் படிப்பு ஏறாது என்றே முடிவு கட்டிவிட்டேன். கொத்தனாரான என் அப்பாவிடம் இதைச் சொன்னபோது, "தூக்குக்குண்டு பார்க்காம கல்லு வச்சா, நாலு வரிசை ஏறின பிறகுதான்டா தெரியும்" என்றார்.

டேப் விவகாரம் இன்னும் மோசம். எடிட்டரில் டேப்பின் அகலம் 4 என்று வைத்திருந்தால், ஒரு டேப்பும் 4 வெற்றிடமும் கண்ணுக்கு ஒன்றுபோல் தெரியும். பழைய பைத்தான் 2 டேப்பை 8-இன் மடங்கு வரை நீட்டி எண்ணும். வரி சத்தமில்லாமல் வேறு பிளாக்குக்குள் போய்விடும். 2008-இல் வந்த பைத்தான் 3, 4 வெற்றிடத்துக்கு அடுத்த வரியில் டேப் வந்தால் 'டேப் எர்ரர்' என்று நிறுத்திவிடுகிறது. நல்லதுதான். 2001-இல் எழுதப்பட்ட 'பெப் 8' என்ற நடைவிதி, 4 வெற்றிடமே போடச் சொல்கிறது. வரிக்கடைசியில் வெற்றிடம் விடாதே என்றும் சொல்கிறது. பின்சாய்கோடு போட்டு வரியைத் தொடரும்போது, அதற்குப் பின்னால் ஒரேயொரு வெற்றிடம் இருந்தாலும் பிழைதான்.

இனி, சுத்தம் செய்வது எப்படி? நோட்பேட் பிளஸ் பிளஸ்ஸில் 'வியூ' மெனுவில் 'ஷோ சிம்பல்' போனால் வெற்றிடம் புள்ளியாகவும் டேப் அம்பாகவும் தெரியும். முதலில் பாருங்கள், பிறகு கை வையுங்கள். 'எடிட்' மெனுவின் 'பிளாங்க் ஆபரேஷன்ஸ்' வரிக்கடைசி வெற்றிடங்களை வெட்டிவிடும். ஆனால் மூன்று மேற்கோள்குறிக்குள் பல வரியாக எழுதிய வாசகத்தில் உள்ள வெற்றிடம் அச்சாகும் தரவு. அதையும் சேர்த்தே வெட்டிவிடும், கவனம். மேக்ஃபைலில் கட்டளை வரி டேப்பில்தான் தொடங்க வேண்டும். அங்கே டேப்பை மாற்றினால் ஓடவே ஓடாது.

இன்னொன்று. சுத்தம் செய்ததையும் பிழை திருத்தியதையும் 'கிட்'டில் ஒரே கமிட்டில் போடாதீர்கள். நான் போட்டேன். 60 வரி மாறியதாகக் காட்டியது. உண்மையில் திருத்தம் அந்தக் கழித்தல் வரி ஒன்றுதான். 'கிட் டிஃப்' கட்டளையோடு 'மைனஸ் டபிள்யூ' சேர்த்தால் வெற்றிட மாற்றத்தை மறைத்துக் காட்டும் என்பார்கள். பைத்தானில் அதை நம்பினால் என் மைனஸ் 400 வரியே மறைந்துபோகும்!

அந்தத் தாளின் புரோகிராம்களை நாங்கள் நாலு பேர் சுத்தம் செய்து, முதலாண்டு தம்பி தங்கைகளுக்காக லேப்பின் கடைசி சிஸ்டத்தில் வைத்திருக்கிறோம். மரபுரிமைப் பயிற்சிகள் இரண்டு இன்னும் பாக்கி. கை கொடுக்க நினைப்பவர்கள் சனிக்கிழமை மதியம் வாங்க.