பழக்கம் உருவாகும் விதம்: பரிசும் தண்டனையும்

கறவைப் பசு ஒன்றை உற்றுநோக்குவோம். கறப்பவர் செம்புடன் தொழுவத்தை நெருங்கும் ஓசை கேட்டதுமே, கன்று மடியைத் தொடுமுன்னர் சுரப்பு இறங்கிவிடுவதுண்டு. கன்று முட்டி ஊட்டும்போது மூளையினின்றும் ஆக்சிடோசின் என்னும் இயக்குநீர் இரத்தத்தில் கலந்து பாலை இறக்குகின்றது; இது பிறவியிலேயே அமைந்த துலங்கல். செம்பின் ஓசைக்கும் பாலுக்கும் இயற்கையில் யாதொரு தொடர்பும் இல்லை. எனினும் நாள்தோறும் ஒன்றையடுத்து மற்றொன்று நிகழ்ந்தமையால், ஓசையே கன்றின் வேலையைச் செய்யத் தொடங்குகின்றது. அதே பசுவைப் புதியவர் ஒருவர் அதட்டி அடித்துக் கறக்க முற்பட்டால், அச்சத்தால் சுரப்பு தடைப்படும். சில நாள்களில் அவர் குரலே அவ்வச்சத்தை எழுப்பப் போதுமானதாகிவிடும்.

இவ்வகைக் கற்றலை ஆக்கநிலையிறுத்தல் என்பர். ருஷிய உடலியலறிஞர் பாவ்லவ், நாய்களின் உமிழ்நீர்ச் சுரப்பை அளந்துவந்தபோது இதனைக் கண்டு விரிவாக ஆராய்ந்தார். உணவுக்கு முன் தவறாது ஓர் ஒலியைக் கேட்டுப் பழகிய நாய்க்கு, பின்னர் அவ்வொலி மட்டும் கேட்டபோதும் உமிழ்நீர் சுரந்தது. உணவின்றி ஒலியையே பன்முறை எழுப்பியபோது சுரப்பு படிப்படியாகக் குறைந்தது. 1904-இல் அவர் பெற்ற நோபல் பரிசு இதற்காக அன்று, செரிமானம் பற்றிய ஆய்வுகளுக்காகவே என்பதைப் பலர் அறியார்.

சில தொடர்புகள் ஒரே முறையில் பதிந்துவிடும். வயலில் எலிக்கு நஞ்சிரை வைத்தவர் இதனை நன்கறிவர். ஜிங்க் பாஸ்பைடு கலந்த இரையைச் சிறிதளவே தின்று, நோயுற்றுப் பிழைத்த எலி மறுபடியும் அவ்விரையை நாடாது. தின்றதற்கும் நோய்க்கும் இடையே நெடுநேரம் கழிந்திருந்தாலும், எலி சுவையின் மீதே ஐயங்கொள்கின்றது என்பதை கார்சியா என்னும் அமெரிக்க அறிஞரும் அவர்தம் துணைவரும் 1966-இல் வெளியிட்ட ஆய்வுகள் காட்டின. நஞ்சு வைக்குமுன் இரண்டு மூன்று நாள் நஞ்சற்ற இரையை அதே இடத்தில் வைத்துப் பழக்குமாறு விரிவாக்கப் பணியாளர் அறிவுறுத்துவதன் காரணம் இதுவே. பழகிய எலி முதல் முறையிலேயே போதிய அளவு தின்றுவிடும்.

மேற்கூறியவற்றில் உயிர் தானாகவே துலங்குகின்றது. மனிதரின் அன்றாட நடத்தையில் பெரும்பகுதி இதனின்றும் வேறுபட்டது. நாம் ஒன்றைச் செய்கின்றோம். அதன் விளைவு இனியும் அதனைச் செய்வோமா என்பதை முடிவு செய்கின்றது. தார்ண்டைக் 1898-இல் தாழிட்ட பெட்டிகளில் பூனைகளை அடைத்து இதனை ஆராய்ந்தார்; ஸ்கின்னர் 1938-இல் வெளியிட்ட நூலில் இதனை விரித்துரைத்தார். ஒரு செயலை மீண்டும் நிகழச் செய்யும் விளைவுக்கு வலுவூட்டல் என்று பெயர். விளைவு எத்துணைப் பெரிது என்பதைப் போன்றே, எத்துணை விரைவில் வருகின்றது என்பதும் இங்கு முதன்மையானது.

களப்பணியாளர்க்கு இது வெறுங்கொள்கை அன்று. ராஜஸ்தானத்தின் உதயப்பூர் மாவட்டத்தில் 134 சிற்றூர்களில் நடைபெற்ற ஆய்வொன்று 2010-இல் வெளியாயிற்று. வழக்கமான ஏற்பாடு மட்டும் இருந்த ஊர்களில், ஒன்று முதல் மூன்று வயது வரையிலான குழந்தைகளுள் 6 சதவீதத்தினரே தடுப்பூசிகளை முழுமையாகப் பெற்றிருந்தனர். மாதந்தோறும் முகாம் தவறாது நடந்த ஊர்களில் இது 18 சதவீதம். முகாமுடன், ஊசி போடும் ஒவ்வொரு முறையும் ஒரு கிலோ பருப்பும், எல்லாம் முடிந்தபின் உணவுத் தட்டுகளும் வழங்கிய ஊர்களில் 39 சதவீதம். தாய்மார் ஒரு கிலோ பருப்புக்காகக் குழந்தையின் நலனை மாற்றிக்கொண்டனர் என்று இதனை ஏளனம் செய்வது பிழை. தடுப்பூசியின் பயன் கண்ணுக்குத் தெரியாதது, தொலைவிலுள்ளது; குழந்தையின் காய்ச்சலும் இழந்த கூலியும் அன்றைக்கே வருவன. பருப்பும் அன்றைக்கே வந்தது. ஆயினும் முகாம் ஒழுங்காக நடைபெறாத ஊரில் பருப்பு மட்டும் என்ன செய்திருக்கும்?

இனி, தண்டனை. வகுப்பில் இரையும் மாணவனை ஆசிரியர் ஓர் அடி அடித்தால் வகுப்பு உடனே அடங்குகின்றது. இங்கே வலுவூட்டல் பெற்றவர் யார்? ஆசிரியரே. அவர் செயலுக்கு அமைதி என்னும் பலன் நொடிப்பொழுதில் கிட்டியது. எனவே நாளையும் பிரம்பை எடுப்பார். மாணவன் கற்றதோ, ஆசிரியர் இருக்கும்போது அடங்கியிருக்க வேண்டும் என்பதே. அவர் வெளியே சென்றதும் இரைச்சல் மீள்கின்றது. அத்துடன் பசுவுக்குக் குரல் அச்சமானது போல, அவனுக்குக் கணக்குப் பாடமே அச்சமாகிவிடக்கூடும். 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு உடல் தண்டனையையும் மனத்துன்புறுத்தலையும் தடைசெய்துள்ளது. சட்டம் இல்லாவிடினும் அடி பயன் குன்றிய முறையே. தண்டனை என்று நாம் கருதுவது எப்போதும் தண்டனையாவதும் இல்லை. கணக்கை வெறுக்கும் சிறுவனை வெளியே நிறுத்துவது அவனுக்குப் பரிசு.

பரிசுக்கும் எல்லையுண்டு. வண்ணப் பேனாக்களால் விரும்பி வரைந்துவந்த மழலைப்பள்ளிக் குழந்தைகளுள் சிலருக்கு, வரைந்தால் சான்றிதழ் தருவதாக முன்கூட்டிக் கூறி அவ்வாறே தந்தனர். பின்னர் அக்குழந்தைகள் தாமாக வரைந்த நேரம் மற்றவர்களைவிடக் குறைந்துவிட்டது என்பது 1973-இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வின் முடிவு. எதிர்பாராது சான்றிதழ் பெற்றோரிடம் இக்குறை காணப்படவில்லை. ஆகவே ஏற்கெனவே ஆர்வமுள்ள செயலுக்குப் பேரம் பேசலாகாது.

விட்டுவிட்டுக் கிடைக்கும் பலனே மிகவும் நீடித்த பழக்கத்தை உண்டாக்குகின்றது. கடைத்தெருவில் ஒன்பது முறை மறுத்துப் பத்தாம் முறை மிட்டாய் வாங்கித்தரும் தாய், அழுகையை நிறுத்தவில்லை. பத்து முறை அழக் கற்பிக்கின்றாள். கையுயர்த்தாது கத்தி விடை கூறும் மாணவனைப் பொருட்படுத்துவதில்லை என்று ஆசிரியர் முடிவு செய்தாலும் இதுவே நிகழும். முதற்சில நாள்களில் கத்தல் குறையாது, கூடக்கூடும். அப்போது மனந்தளர்ந்து ஒருமுறை விடையை ஏற்றுக்கொண்டால், முன்னிலும் உறுதியாகப் பழக்கம் வேரூன்றும். கையுயர்த்தியவுடன் அவனை அழைப்பதும், கத்தல்களின் எண்ணிக்கையை நாள்தோறும் குறிப்பேட்டில் பதிந்துவருவதும் வேண்டும். இரண்டு வாரம் பதிந்தால், ஏற்றமும் இறக்கமும் எண்களிலேயே தெரியவரும்.