மூன்று அரியரும் முதல் மணி வகுப்பும்

கேள்வி

நான் பள்ளிபாளையம் பக்கம் விசைத்தறி ஓட்டுறேன். மூத்த பொண்ணு அரசு கலைக் கல்லூரியில பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி ரெண்டாம் வருசம். ஆறாவதுல இருந்து பன்னெண்டாவது வரைக்கும் கவர்மெண்ட் ஸ்கூல்தான். புதுமைப் பெண் பணம் மாசம் ஆயிரம் வருது. போன வருசம் ஆதிதிராவிடர் நலத்துறை ஸ்காலர்ஷிப்பும் வந்துச்சு. இந்த வருசம் அது இன்னும் ஏறலை. இப்ப ரிசல்ட்ல மூணு பேப்பர் அரியர்.

பக்கத்து வீட்டுப் பையனுக்கு மார்க் குறைஞ்சுதான் ஸ்காலர்ஷிப் நின்னுச்சாம். அரியர் விழுந்தா வாங்கின பணத்தையே திருப்பிக் கட்டச் சொல்லுவாங்கன்னு இங்க ஒருத்தர் சொல்றார். பொண்ணும் சும்மா இல்லைங்க. தறிக்காரர்கிட்ட நான் வாங்கின முன்பணம் கொஞ்சம் கழியட்டும்னு நாலு மாசமா காலையில தறிக்கு நூல் சுத்தித் தார் போட்டுட்டுத்தான் காலேஜ் போறா. மாசம் ரெண்டாயிரம் வரைக்கும் ஆகுது. கழிச்சது போக மிச்சத்தை அவ பேர்லயே போடுறோம்னாங்க, அதுக்காக வேற பேங்க்ல புதுசா ஒரு கணக்கும் ஆரம்பிச்சுக் கொடுத்தேன். நின்னுபோற பணத்தை நம்பி என்ன படிப்பு, டிசி வாங்கிடலாம்னு வீட்ல பேச்சு. பொண்ணு அழுவுறா. என்ன செய்யட்டுங்க?

- பெயர் வேண்டாம், பள்ளிபாளையம்

பதில்

ஐயா, டிசி வாங்கப் போகாதீர்கள். அரியர் விழுந்ததற்காக உங்கள் மகளின் உதவித்தொகை நிற்காது. வாங்கிய பணத்தைத் திருப்பிக் கேட்கும் விதி ஒன்று இருப்பது உண்மைதான். ஆனால் அது தேர்வில் தவறியவர்களுக்கு எழுதியதல்ல, கல்வியாண்டின் நடுவில் படிப்பை விட்டவர்களுக்கு எழுதியது. அப்படி விட்டவரிடம் தொகையைத் திரும்பக் கேட்கலாம் என்று மெட்ரிக் மேற்படிப்பு உதவித்தொகை விதிகள் மாநில அரசுக்கு அதிகாரம் கொடுத்திருக்கின்றன. எதற்குப் பயந்து டிசி வாங்க நினைக்கிறீர்களோ, அது டிசி வாங்கினால்தான் வரும்.

உங்கள் கடிதத்தில் மூன்று விதமான பணம் ஒரே சிக்காகக் கிடக்கிறது. நூல் சிக்கைப் பிரிப்பது உங்களுக்குக் கைவந்த வேலை. இதையும் ஒவ்வோர் இழையாகப் பிரிப்போம்.

முதல் இழை, பக்கத்து வீட்டுப் பையன். பிளஸ் டூவில் நல்ல மார்க் எடுத்தவர்களுக்கு மைய அரசின் கல்வி அமைச்சகம் தரும் உதவித்தொகை ஒன்று உண்டு. இளநிலைப் படிப்பில் ஆண்டுக்கு 12,000 ரூபாய், முதுநிலையில் 20,000. அது மார்க்கைப் பார்த்துக் கொடுக்கும் பணம் என்பதால் புதுப்பிக்கும்போதும் மார்க்கைப் பார்க்கும். ஒவ்வோர் ஆண்டும் 50 விழுக்காடு மார்க், 75 விழுக்காடு வருகை, இரண்டும் வேண்டும். அந்தப் பையனுக்கு நின்றது இதுவாகத்தான் இருக்க வேண்டும். அந்த விதி உங்கள் மகளைத் தொடாது, அவள் வாங்குவது வேறு.

இரண்டாம் இழை, நலத்துறை உதவித்தொகை. இதன் வேர் 1944-இல் இருக்கிறது. அம்பேத்கர் வைசிராய் நிர்வாகக் குழுவில் உறுப்பினராக இருந்த காலம் அது. கெட்டிக்காரருக்குக் கொடுக்கும் பரிசாக இது தொடங்கவில்லை. கட்டணம் கட்ட முடியாமல் படிப்பு நின்றுவிடக் கூடாது என்றுதான் தொடங்கியது. ஆகவே இன்றும் அது கேட்பவை: குடும்ப ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருக்கிறதா, ஒழுங்காக வகுப்புக்கு வருகிறாரா, அடுத்த ஆண்டுக்கு ஏறிவிட்டாரா. சில தாள்கள் பாக்கி இருந்தாலும் பல்கலைக்கழக விதிப்படி மேல் வகுப்புக்கு ஏறியவர், அந்த மேல் வகுப்புக்கான உதவித்தொகைக்குத் தகுதி உள்ளவரே என்று விதியிலேயே எழுதியிருக்கிறது. நம் பக்கத்துக் கலை அறிவியல் கல்லூரிகளில் அரியர் இருந்தாலும் அடுத்த செமஸ்டரில் உட்காரலாம். ஆக, மூன்று அரியரோடு மூன்றாம் ஆண்டுக்குப் போகிற பெண்ணுக்கு உதவித்தொகை உண்டு.

மூன்றாம் இழை, புதுமைப் பெண். 1989-இல் ஏழைப் பெண்களின் திருமண உதவிக்காகத் தொடங்கிய மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் திட்டம், 2022-இல் உயர்கல்வி உறுதித் திட்டமாக மாறியது. கல்யாணத்துக்குக் கொடுத்துக்கொண்டிருந்த பணத்தைப் படிப்புக்குத் திருப்பினார்கள். இதற்கு வருமான வரம்பு கிடையாது. வேறு உதவித்தொகை வாங்கினாலும் இதையும் வாங்கலாம். இடைநிற்காமல் படிப்பை முடிக்கும் வரை மாதம் ஆயிரம் வரும். ‘இடைநிற்காமல்’ என்பதுதான் இதன் உயிர்ச்சொல். ஆயிரம் இப்போதும் வருகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அவள் படித்துக்கொண்டிருக்கிறாள் என்று அரசின் கணக்கில் இருக்கிறது என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம்.

உதவித்தொகை நின்றால் காரணம் சொல்லிக் கடிதம் எதுவும் வருவதில்லை. ஒரு வருசம் பணம் ஏறாது, அவ்வளவுதான். ஏன் ஏறவில்லை என்பதை வீட்டில் இருப்பவர்களும் தெருவில் இருப்பவர்களும் தாங்களாகவே முடிவு செய்துகொள்வார்கள்.

நான் உதவித்தொகைப் பொறுப்பாசிரியராக இருந்தபோது அப்படித்தான் ஒரு பையனை இழந்தேன். திருச்செங்கோட்டுப் பக்கத்துப் பையன். இரண்டு அரியர், அதே வருசம் பணமும் வரவில்லை. இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டுக்கொண்டு, யாரிடமும் கேட்காமல் போர்வெல் வண்டியில் ஏறி வடக்கே போய்விட்டான். விசாரித்தபோது காரணம் வேறாக இருந்தது. ஆதாரில் ஒரு பெயர், வங்கியில் வேறு இனிஷியல். ஒரு மனு கொடுத்திருந்தால் தீர்ந்திருக்கும். அவன் திரும்பி வந்து ‘அரியர் எழுதலாமா மேடம்’ என்று கேட்டபோது இரண்டு வருசம் ஓடியிருந்தது. அரியர் எழுதினான், தேறினான். விட்டுப்போன செமஸ்டர்களைத்தான் பணமில்லாமல் படிக்க வேண்டியதாயிற்று.

உங்கள் மகளுக்கு இந்த வருசம் ஏன் ஏறவில்லை? கடிதத்திலேயே ஒரு துப்பு இருக்கிறது. கூலிக்காக வேறு வங்கியில் புதுக் கணக்கு ஆரம்பித்தீர்கள் அல்லவா? உதவித்தொகையில் மைய அரசின் பங்கு 60 விழுக்காடு. அது ஆதார் எண்ணைப் பிடித்துக்கொண்டு மாணவியின் கணக்குக்குப் போகிறது. எந்த வங்கியில் கடைசியாக ஆதாரை இணைத்தாரோ அந்தக் கணக்கில் விழும், பழைய பாஸ்புக்கில் விழாது. புதுக் கணக்கு தொடங்கும்போது ஆதார் இணைப்புக்கும் சேர்த்துக் கையெழுத்து வாங்கியிருந்தால், நீங்கள் தேடும் பணம் அங்கே உட்கார்ந்திருக்கலாம். முதலில் அந்தப் பாஸ்புக்கைப் பதியுங்கள்.

அங்கும் இல்லையென்றால், அவள் இந்த ஆண்டு புதுப்பித்தல் விண்ணப்பம் போட்டாளா என்று கேளுங்கள். போன வருசம் வந்தது, இந்த வருசம் தானாக வரும் என்று இருந்துவிடும் பிள்ளைகள் நிறைய. உதவித்தொகையை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். கல்லூரி அலுவலகத்தில் உதவித்தொகை பார்க்கும் எழுத்தர் விண்ணப்பத்தின் நிலையைக் கணினியில் பார்த்துச் சொல்லிவிடுவார்.

இனி, நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்கிறேன். அரியரைப் பார்த்து எனக்குப் பயம் வரவில்லை. காலையில் தார் போட்டுவிட்டுப் போகிறாள் என்று எழுதினீர்களே, அந்த வரியைப் பார்த்துத்தான் வந்தது.

முதல் மணி வகுப்புக்கு அவள் போய்ச் சேர்கிறாளா? கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு செமஸ்டருக்கு 90 வேலை நாள், நாளுக்கு ஐந்து மணி என்று வைத்தால் 450 மணி. தேர்வு எழுத 75 விழுக்காடு வருகை வேண்டும். அதாவது 112 மணிதான் தவறலாம். தினமும் முதல் மணி போனால் அதிலேயே 90 மணி போய்விடும். மிச்சம் 22 மணி, ஐந்து நாள் விடுப்புக்கு மேல் தாங்காது. ஒரு காய்ச்சல், ஒரு வீட்டு விசேஷம், ஒரு கோயில் நோன்பி போதும். முதல் மணி தவறினால் அரைநாள் ஆப்சென்ட் போடும் கல்லூரியானால் நிலைமை இன்னும் மோசம், வருகை பாதிக்கு வந்து நிற்கும்.

65 விழுக்காட்டுக்கு மேல் இருந்தால் தக்க காரணம் காட்டி, கண்டோனேஷன் கட்டணம் கட்டித் தேர்வு எழுதலாம். அதற்குக் கீழே போனால் அந்த செமஸ்டர் தேர்வே எழுத முடியாது. மிகவும் குறைந்தால் அந்த செமஸ்டரையே மறுபடி படிக்க வேண்டிவரும். கல்லூரிக்குக் கல்லூரி இதில் சிறு வேறுபாடுகள் உண்டு. ஆனால் எங்கும் முடிவு ஒன்றுதான்: மறுபடி படிக்கிறவர் மேலே ஏறவில்லை. அங்கேதான் உதவித்தொகை அறுபடும். அரியர் செய்யாததை வருகை செய்துவிடும்.

தார் போட்டு வரும் இரண்டாயிரம், அரசு தரும் ஆயிரத்தைவிடப் பெரிது என்பது எனக்கும் தெரியும். முன்பணம் வாங்கியவர் தறிக்காரரிடம் வாய் திறப்பது எவ்வளவு சங்கடம் என்பதும் தெரியும். தார் போடும் வேலையை அடியோடு விடச் சொல்லவில்லை, நேரத்தை மாற்றச் சொல்கிறேன். கல்லூரி விட்டு வந்து சாயங்காலமோ ஞாயிற்றுக்கிழமையோ போடட்டும். தேர்வு நெருங்கும் மாதத்தில் அதுவும் வேண்டாம். இரண்டாயிரம் ஆயிரமாகக் குறையலாம். முன்பணம் கழிய இன்னும் சில மாதம் கூடுதலாகும். அந்தச் சில மாதத்தை நீங்கள் சுமந்தால், மூன்று வருசப் படிப்பு பிழைக்கும். தறிக்காரர் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் நலத்துறையின் கல்லூரி மாணவியர் விடுதியில் இடம் கேளுங்கள். அங்கே தங்கவும் சாப்பிடவும் காசு கட்ட வேண்டியதில்லை.

அரியரைப் பற்றியும் ஒரு வார்த்தை. பெரும்பாலான தாள்களுக்குக் கல்லூரியில் போடும் இன்டர்னல் மார்க் 25, செமஸ்டர் தேர்வு 75, பாஸாக மொத்தம் 40-ஆவது வேண்டும். இன்டர்னல் மார்க் ஏற்கெனவே பதிவாகியிருக்கும், தேர்வை மட்டும் மறுபடி எழுதினால் போதும். மூன்றையும் ஒரே தடவையில் தள்ளிவிட வேண்டும் என்று அவசரப்பட வேண்டாம். வருகிற தேர்வில் நடப்புத் தாள்களோடு இரண்டு, அதற்கடுத்ததில் ஒன்று என்று பிரித்துக்கொள்ளட்டும். நடப்புத் தாளில் புதிதாக அரியர் விழாமல் பார்ப்பதுதான் முதல் வேலை.

இந்த வாரம் நீங்கள் செய்ய வேண்டியவை மூன்று. புதுக் கணக்கின் பாஸ்புக்கைப் பதிய வேண்டும். உதவித்தொகை எழுத்தரிடம் விண்ணப்ப நிலையைக் கேட்க வேண்டும். துறைத் தலைவரைப் பார்த்து இன்றைய தேதி வரை வருகை எத்தனை விழுக்காடு என்று எழுதி வாங்க வேண்டும். கடைசியதற்கு நீங்களே மகளோடு போங்கள். காலையில் ஏன் தாமதமாகிறது என்பதை அவள் வாயால் சொல்லக் கூச்சப்படுவாள். நீங்கள் சொன்னால் துறைத் தலைவருக்குப் புரியும்.

போகும் வழியில் அவளிடம் ஒன்று கேட்டுப் பாருங்கள்: அரியர் விழுந்த அந்த மூன்று தாளும் எந்த மணியில் நடந்தவை? ‘முதல் மணி’ என்று அவள் சொன்னால் எனக்கு ஆச்சரியமாக இருக்காது. உங்களுக்கும் இருக்காது என்று நினைக்கிறேன்.