கள்ள நோட்டும் களவு போன நோட்டும்: நஷ்டம் யாரைச் சேரும்?

கள்ள நோட்டை அறியாமல் வாங்கியவருக்குச் சர்க்கார் ஈடு கொடுக்குமா? களவு போன நோட்டின் எண்ணைக் குறித்து வைத்திருந்தால் பணம் திரும்புமா? இராயபுரம் முதல் எண்ணூர் வரையுள்ள சங்கங்களில் அங்கத்தினர்கள் நம்மிடம் கேட்கும் கேள்விகள் இவை. இரண்டுக்கும் விடை, இல்லை என்பதே. காரணத்தை அறிந்தால் காப்பு வழியும் விளங்கும்.

1934-ஆம் ஆண்டின் ரிசர்வ் பாங்குச் சட்டம், 28-ஆம் பிரிவில், காணாமற்போன அல்லது களவுபோன நோட்டின் மதிப்பைச் சர்க்காரிடமோ ரிசர்வ் பாங்கிடமோ உரிமையாகக் கோர எவருக்கும் இயலாது என்கிறது. நோட்டு கைமாறிச் செல்லும் பொருள். அதை நல்லெண்ணத்துடன் விலை கொடுத்துப் பெற்றவரே அதற்கு உடையவர். ஒவ்வொரு நோட்டின் பூர்வீகத்தையும் விசாரிக்க வேண்டுமாயின், காசிமேட்டில் ஒரு கூடை மீனும் விலைபோகாது. 2016 ஆகஸ்டில், சேலத்திலிருந்து சென்னை ரிசர்வ் பாங்குக்கு வந்த பழைய நோட்டுகளில் 5.78 கோடி ரூபாயை, ரயில் பெட்டியின் கூரையைத் துளைத்துத் திருடினர். காவலுடன் வந்த பணத்திற்கே இக்கதியெனில், சங்கத்தின் தகரப்பெட்டியில் இரவு தங்கும் பணத்தைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமோ?

கள்ள நோட்டுக்கு மதிப்பே இல்லை. அதற்குச் சர்க்கார் பணம் கொடுத்தால் கள்ள அச்சுக்காரனுக்கே ஊக்கமளித்ததாகும். போர்த்துக்கல்லில் 1925-இல் மோசடிக்காரர் அந்நாட்டு நோட்டுகளை அச்சிட்ட உண்மையான அச்சகத்தையே ஏமாற்றி 500 எஸ்குடோ நோட்டுகளை அச்சிடுவித்தனர். நல்லதையும் கெட்டதையும் பிரித்தறிய வழியின்மையால் அந்நாட்டுப் பாங்கு அவற்றை மாற்றிக் கொடுத்தது. அது விதிவிலக்கு.

நம் நாட்டில் பாங்கு கள்ள நோட்டில் முத்திரையிட்டுப் பறிமுதல் செய்யும்; நோட்டையோ பணத்தையோ திருப்பித் தராது. ஆனால் அத்தாட்சிச் சீட்டு தர வேண்டும். அதைக் கேட்டுப் பெறுக. ஒரே தடவையில் ஐந்து அல்லது அதற்கு மேற்பட்டவை அகப்பட்டால், பாங்கு உடனே போலீஸில் புகார் செய்யும். நஷ்டத்திற்கு அஞ்சி அந்நோட்டை நெசவாளியின் கூலியிலோ விவசாயியின் விளைபொருள் கிரயத்திலோ தள்ளிவிடுதல் பெருங்குற்றம். 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதீய நியாய சன்ஹிதாவின் 179-ஆம் பிரிவின்படி, அறிந்தே அவ்வாறு செய்பவருக்கு ஆயுள் தண்டனையும் விதிக்கலாம். அன்றியும், ஏமாறுபவர் நம் அங்கத்தினரே அன்றோ?

சர்க்கார் கடன் பத்திரத்தின் நிலை வேறு. பெயர் பதிந்த பத்திரம் களவு போனால், 2006-ஆம் ஆண்டின் சர்க்கார் பத்திரச் சட்டப்படி ரிசர்வ் பாங்குக்கு விண்ணப்பிக்கலாம். விசாரணைக்குப் பின், ஈட்டுறுதி பெற்று, மாற்றுப் பத்திரம் வழங்க அச்சட்டம் இடமளிக்கிறது. உடையவர் யாரென்று ஏட்டில் இருப்பதே இவ்வேற்றுமைக்குக் காரணம்.

ஆகவே சங்கங்கள் கைக்கொள்ள வேண்டியவை:

1. கொடுப்பவர் முன்னிலையிலேயே நீர்க்குறி, பாதுகாப்பு நூல், மேடெழுந்த அச்சு ஆகியவற்றைப் பார்த்து நோட்டைப் பெறுக.

2. அன்றாட வசூலை அன்றே பாங்கில் கட்டுக.

3. பெருந்தொகைகளைப் பாங்குக் கணக்கு மூலமே பட்டுவாடா செய்க.

4. கள்ள நோட்டு நஷ்டத்தை மறைக்காது, அத்தாட்சிச் சீட்டுடன் பஞ்சாயத்தார் கூட்டத்தில் வைத்துத் தீர்மானப் புத்தகத்தில் பதிக.

சங்கப் பணம் பலருடைய உழைப்பு. போனபின் ஈடு தேடுவதினும், பெறும் வேளையில் ஒரு நிமிஷம் நின்று பார்ப்பதே மேல்.