சிவப்பெல்லாம் சத்து அல்ல

"மண்ணப் பாருங்க, ரத்தமாட்டம் செவந்திருக்கு. அவ்வளவும் இரும்புச்சத்து. சும்மா வெதச்சாலே வெளையும்." செஞ்சிப் பக்கம் நிலத்தரகர் முதல் மல்லாட்டைக்காரர் (நிலக்கடலைக்காரர்) வரை இதையே சொல்கிறார்கள். கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

நிறம் இரும்பால் வந்தது, அதுவரை சரி. ராஜகிரி, கிருஷ்ணகிரிக் குன்றுகளைப் போன்ற கருங்கல் பாறை மழையிலும் வெயிலிலும் நைந்து உதிர்ந்ததுதான் இந்தச் செம்மண். (அந்தக் குன்றுகளில் நிற்கும் செஞ்சிக் கோட்டைக்கு 2025-இல் யுனெஸ்கோ பட்டியலில் இடம் கிடைத்தது. மண்ணைத்தான் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.) பாறையிலிருந்த இரும்பு காற்றுப் பட்டு மணலின் மேல் பூச்சாகப் படிந்திருக்கிறது. சொல்லப்போனால் துரு. தண்ணீரில் கரையாது. வேருக்கு எட்டுவது அதில் மிகச் சிறு பங்கே. சுண்ணாம்பு மிகுந்த நிலத்தில் மல்லாட்டை வெளுக்கும்போது ஒரு சதவீத அன்னபேதி (இரும்பு சல்பேட்) கரைசல் தெளிக்கச் சொல்கிறோமே, எதற்கு? மண்ணில் இரும்பு இருந்தும் இலைக்குப் போய்ச் சேராததால்தான்.

செம்மண்ணில் பொதுவாகத் தழைச்சத்தும் குறைவு, மணிச்சத்தும் குறைவு, மக்கும் குறைவு. மணற்பாங்கான மண் போட்ட உரத்தையும் பிடித்து வைக்காது.

மல்லாட்டைக்கு இந்த மண் ஏற்றதுதான், மறுக்கவில்லை. ஆனால் அது பொலபொலப்புக்காக. விழுது சுலபமாக இறங்கும், பிடுங்கும்போது காய் அறுந்து தங்காது. அந்தக் காயை நசுக்கிப் பாருங்கள். பாதிக்குப் பாதி பொக்கு என்றால் கால்சியம் போதவில்லை என்று சந்தேகப்படுங்கள். வேர் எடுக்கும் கால்சியம் இலைக்கு ஏறிவிடும், காய்க்கு இறங்கி வராது. காய் தன்னைச் சுற்றியுள்ள மண்ணிலிருந்தே அதை உறிஞ்சியாக வேண்டும். அதற்குத்தான் 40-45ஆம் நாளில் ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சம் போட்டு மண் அணைக்கச் சொல்வது.

"ஜிப்சம் போட்டால் நிலம் சிமென்டாகிவிடும்" என்பது வெறும் பேச்சு. இறுகிய களர் நிலத்தை இளக்கவே அதைத்தான் போடுகிறார்கள். "கரிசலுக்கு எருவே வேண்டாம்" என்பதும் அப்படித்தான். அங்கேயும் தழைச்சத்துப் பஞ்சம் உண்டு.

"ஏரி வண்டல் எந்த நிலத்துக்கும் நல்லது" என்பது பாதி உண்மை. ஏற்கெனவே களிமண்ணாக இருக்கும் கரிசலில் கொட்டிப் பயனில்லை. ஈரம் நிற்காத செம்மண்ணுக்கு அதுதான் வேண்டும். வட்டாட்சியர் அனுமதியோடு இலவசமாகவே எடுக்கலாம். நம் ஆட்களோ அதைச் செங்கல் சூளைக்குப் போகவிட்டு, கடையில் சத்து டானிக் பாட்டில் வாங்குகிறார்கள். இந்தக் கோடையில் ஏரி வற்றுவதற்கு முன்பே மனுவை எழுதிக் கொடுத்துவிடுங்கள்.