ஆளில்லாத அறைக்கும் ஓடும் மீட்டர்: அலுவலக மின்செலவை அளக்க ஒரு முழுமையான வழிகாட்டி

பாதிப் பேர் வீட்டிலிருந்து வேலை பார்த்த மாதத்தில் உங்கள் அலுவலகக் கரண்ட் பில் பாதியானதா? ஆகியிருக்காது. காரணத்தைக் கண்டுபிடிக்க ஒரு நோட்டும் பேனாவும் போதும். புதுச்சேரிக்காரர்களுக்கு இதில் ஒரு கூடுதல் வசதியும் உண்டு.

முதல் படி: பரப்பால் வகுங்கள்

ஓராண்டு யூனிட்டுகளைக் கூட்டுங்கள். ஜெனரேட்டர், சோலார் இருந்தால் அவற்றையும் சேருங்கள். அதைக் கட்டடப் பரப்பால் வகுங்கள். வண்டி நிறுத்துமிடம் பரப்பில் வராது. 400 சதுர மீட்டர் அலுவலகம் மாதம் 2,400 யூனிட் எடுத்தால், ஆண்டுக்குச் சதுர மீட்டருக்கு 72.

மத்திய அரசின் ஆற்றல் திறன் பணியகம் 2009-இல் அலுவலகக் கட்டடங்களுக்கு நட்சத்திரம் வழங்கத் தொடங்கியபோது எடுத்த அளவுகோல் ஏறத்தாழ இதுதான். நம் ஊர் போலப் புழுக்கமான பகுதிகளில், பாதிக்கு மேல் ஏசி போட்ட பெரிய கட்டடம் ஐந்து நட்சத்திரம் பெற இந்த எண் 100-க்குக் கீழே இருக்க வேண்டும் என்று வைத்தார்கள். நல்ல அளவுகோல்தான். ஆனால் உள்ளே பத்துப் பேரா, ஐம்பது பேரா என்பது அதற்குத் தெரியாது.

இரண்டாம் படி: ஆள்மணி

ஒருவர் ஒரு மணி நேரம் உள்ளே இருந்தால் ஓர் ஆள்மணி. பயோமெட்ரிக் பதிவிலோ வருகைப் பதிவேட்டிலோ எடுக்கலாம். சம்பளப் பட்டியலைப் பார்த்து எழுதாதீர்கள்; அதில் இருப்பவர் எல்லாரும் இருக்கையில் இருப்பதில்லை.

25 பேர், 8 மணி நேரம், 24 நாள்: 4,800 ஆள்மணி. 2,400 யூனிட்டை வகுத்தால் ஆள்மணிக்கு அரை யூனிட். அடுத்த மாதம் 12 பேர்தான் வந்தார்கள், பில் 2,000 யூனிட் என்று வையுங்கள். 2,304 ஆள்மணிக்கு வகுத்தால் 0.87. பில் குறைந்ததாகத் தோன்றும். ஒவ்வொருவருக்கும் ஆகும் செலவோ ஏறியிருக்கிறது. மே மாதத்தை டிசம்பரோடு ஒப்பிடாதீர்கள். ஏசி கணக்கைக் குழப்பிவிடும்.

மூன்றாம் படி: காலிக் கட்டடத்தை அளப்பது

என்னைக் கேட்டால், ஒரே ஒரு படிதான் செய்ய நேரமிருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள். ஆகஸ்ட் 15 நாடு முழுக்க விடுமுறை. புதுச்சேரி உள்ளிட்ட பிரெஞ்சுப் பகுதிகள் 1962-இல் சட்டப்படி இந்தியாவோடு இணைந்ததால் ஆகஸ்ட் 16-ம் இங்கே அரசு விடுமுறை. இரண்டு நாளும் பூட்டிக் கிடக்கும் அலுவலகம் என்றால் 14-ஆம் தேதி மாலை 6 மணிக்கும் 17 காலை 9 மணிக்கும் மீட்டரைக் குறியுங்கள். இடையில் 63 மணி நேரம், ஒருவரும் இல்லை. ஓடிய யூனிட் அத்தனையும் காலி நாற்காலிகளுக்குத்தான்.

அவ்வளவு நாள் பொறுக்க முடியாதவர்கள், எல்லாரும் கிளம்பிய பிறகு மீட்டர் முன் நில்லுங்கள். சிவப்பு விளக்கு மினுக்கும். ஒரு யூனிட்டுக்கு எத்தனை மினுக்கல் என்பது முகப்பிலேயே அச்சாகியிருக்கும். 3,200 என்றிருந்து, நிமிடத்துக்கு 40 எண்ணினால், மணிக்கு முக்கால் யூனிட் போகிறது. அந்த 63 மணி நேரத்தில் 47 யூனிட். பெரிய இணைப்புகளில் ரசீதிலுள்ள பெருக்கு எண்ணால் பெருக்க மறக்காதீர்கள்.

நான்காம் படி: எங்கே போகிறது?

வாட்டர் கூலர், ஏசி ஸ்டெபிலைசர், யுபிஎஸ், அணைக்காத கணினித் திரைகள். ஒவ்வொன்றாக அணைத்து, மினுக்கலை மறுபடி எண்ணுங்கள். சர்வர், சிசிடிவி, ஃபிரிட்ஜை மட்டும் தொடாதீர்கள். எதை அணைத்ததும் மினுக்கல் சட்டென்று மெதுவாகிறதோ, அதற்குத் தனி சுவிட்ச் வையுங்கள். கடைசியாகக் கிளம்புபவர் அணைக்கட்டும்.

பிறகு நவம்பர் 1, புதுச்சேரி விடுதலை நாள் விடுமுறையில், மறுபடி அளந்து பாருங்கள்.